கூப்பன் பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி: திருப்பூர்க் கடைகளும் லக்கி ட்ராவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். 2017-ல கூகுள் அவங்க பேமென்ட் ஆப்பை இந்தியாவுல விட்டாங்க. அப்போ அதுக்குப் பேர் டெஸ். பின்னாடிதான் கூகுள் பே ஆச்சு. பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்ம பசங்க ஸ்கிராட்ச் கார்டைச் சுரண்டி ஸ்க்ரீன்ஷாட் போடுவாங்க. திருப்பூர்ல இருக்கிற நமக்கு மட்டும் அந்தக் கார்டு வராது. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?

அந்த ஆஃபர்களோட விதிமுறையைத் திறந்து பாருங்க. தமிழ்நாட்டுல வசிக்கிறவங்களுக்கு இது பொருந்தாதுன்னு இருக்கும். பிஸ்கட் பாக்கெட், கூல் டிரிங்க்ஸ் பாட்டில்னு நிறைய பரிசுப் போட்டி விளம்பரத்துக்குக் கீழேயும் பொடி எழுத்துல இதே வரிதான். நம்ம மேல அவங்களுக்கு ஏதும் கோபம் இல்லீங்க. நம்ம மாநிலத்துல இதுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு. பேரு தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். வருஷம் 1979.

இதை ஏன் இப்போ பேசுறேன்? தீபாவளி நெருங்க நெருங்க எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி. "ப்ரோ, ஒரு லக்கி ட்ரா ஆப் எழுதிக் குடுங்க. பில் நம்பர் போட்டா கூப்பன் வரணும், கடைசி நாள் பட்டன் அமுக்கினா வின்னர் வரணும்." காதர்பேட்டையில கடை வச்சிருக்கிறவங்க, இன்ஸ்டாவுல டி-ஷர்ட் பிராண்ட் நடத்துறவங்க, ரெண்டு தரப்பும் கேக்குறாங்க. கோடு எழுத ஒரு சாயங்காலம் போதும். அதை ஓட்டினா கடைக்காரருக்கு என்ன ஆகும்ங்கிறதுதான் இந்த எபிசோட்.

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, ஆடிட்டரும் இல்ல. சட்டத்தைப் படிச்சு, புரிஞ்சதை உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். காசு இறக்குறதுக்கு முன்னாடி உங்க வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க.

லாட்டரித் தடை வேற, இது வேற

நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. தமிழ்நாடு அரசு 1968-ல தானே லாட்டரி நடத்த ஆரம்பிச்சது. 2003 ஜனவரியில எல்லா லாட்டரியும் தடை ஆச்சு. அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஊர்க்காரங்க லாட்டரி வாங்கணும்னா வாளையாறு தாண்டிப் போறாங்க. 2023 திருவோணம் பம்பர் ஞாபகம் இருக்கா? முதல் பரிசு 25 கோடி. அடிச்சது திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நாலு பேருக்கு. டிக்கெட் வாங்கினது வாளையாறுல. அந்த வாரம் டீக்கடையில வேற பேச்சே இல்ல.

கடைகளோட பரிசுக் குலுக்கலுக்கான தடை இதைவிடப் பழசு, 24 வருஷம் முன்னாடியே வந்தது. அந்த 1979 சட்டம் சொல்றதை எளிமையாச் சொன்னா இவ்வளவுதான்: ஒரு கடையில பொருள் வாங்கினவங்களுக்குள்ள இருந்து, குலுக்கல் மூலமாவோ வேற எந்த வழியிலாவோ சிலரைத் தேர்ந்தெடுத்து, அவங்களுக்குப் பணமோ பொருளோ பரிசாக் குடுக்கிற திட்டத்தை யாரும் நடத்தக் கூடாது, ஊக்குவிக்கவும் கூடாது. மீறினா சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கு.

இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை "வேற எந்த வழியிலாவோ". குலுக்காம ஸ்கிராட்ச் கார்டு குடுத்தாலும், சக்கரம் சுத்த விட்டாலும், நான் எழுதுற ஆப் ஒரு ரேண்டம் நம்பர் எடுத்தாலும் இதுக்குள்ளதான் வரும்.

இங்க ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் விழறாங்க. "சார், நாங்க யாரையும் வெறும் கையோட அனுப்பல. எல்லாருக்கும் நிச்சயப் பரிசு"ன்னு சொல்லுவாங்க. கவரைத் திறந்து பார்த்தா 4,999 பேருக்கு சோப்பு டப்பா, ஒருத்தருக்கு ஸ்கூட்டர். சோப்பு டப்பா எல்லாருக்கும் நிச்சயம்தான். ஆனா அந்த ஸ்கூட்டரை யாருக்குன்னு எப்படி முடிவு பண்ணீங்க? அதிர்ஷ்டத்துலதானே. அப்போ அது குலுக்கலேதான்.

மத்த மாநிலத்துல கேக்குற கேள்வி

இந்தியா முழுக்க இந்த விஷயத்துல கோர்ட் முன்னாடி வந்த கேள்வி கொஞ்சம் வேற. பரிசுக்கான காசை யார் குடுத்தாங்கங்கிறதுதான் அது.

ஹார்லிக்ஸ் ஒரு திட்டம் போட்டாங்க. சில பாட்டிலுக்குள்ள ஒரு சீட்டு இருக்கும், அது கிடைச்சா பரிசு. இது லாட்டரின்னு வழக்கு. 1998-ல உச்ச நீதிமன்றம், சில பாட்டில்ல சீட்டு இருந்ததை மட்டும் வச்சு இதை லாட்டரின்னு சொல்ல முடியாதுன்னு சொல்லுச்சு. ஹார்லிக்ஸ் வாங்கினவருக்கு அவர் குடுத்த காசுக்கு ஹார்லிக்ஸ் கிடைச்சுருச்சு இல்லையா.

அடுத்தது 2007, கோன் பனேகா குரோர்பதி. வீட்டுல இருந்தே எஸ்எம்எஸ்ல பதில் அனுப்புங்க, சரியாச் சொன்னவங்கள்ல ஒருத்தருக்கு ஒவ்வொரு எபிசோடுக்கும் 2 லட்சம்னாங்க. ஒரு எஸ்எம்எஸ்க்கு 2 ரூபாய் 40 காசு. சாதாரண எஸ்எம்எஸ்ஸை விட அதிகம். பரிசுக்கான காசு ஜனங்க பாக்கெட்ல இருந்துதான் வருதுன்னு ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்கு போட்டுச்சு. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு கோடி ரூபாய் அபராத இழப்பீடு விதிச்சது. 2019-ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிருச்சு. பரிசுப் பணம் எஸ்எம்எஸ் வருமானத்துல இருந்துதான் வந்ததுன்னு ஆதாரம் இல்லைன்னு சொன்னாங்க. பதினோரு வருஷம் கோர்ட்டு வாசல். பெரிய கம்பெனி தாங்கும், காதர்பேட்டைல பத்துக்குப் பத்து கடை தாங்குமா?

தமிழ்நாட்டுச் சட்டம் காசு யார் குடுத்தாங்கன்னு கேக்கறதே இல்ல. வாங்கினவங்கள்ல இருந்து சிலரைப் பொறுக்கி எடுத்தீங்களா? ஆமான்னா கதை முடிஞ்சது.

சனிக்கிழமை சம்பளமும் வாரச் சீட்டும்

நம்ம ஊர்ல இதைவிட ஆபத்தான ஒண்ணு இருக்கு. பனியன் கம்பெனிங்கள்ல சனிக்கிழமை சம்பளம். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங்னு எந்த வேலையா இருந்தாலும் வாரக் கூலிதான் குடும்ப பட்ஜெட். அந்தக் காசைக் குறி வச்சு வர்றதுதான் குலுக்கல் சீட்டு. வாரம் 100 ரூபாய், 50 வாரம். ஒவ்வொரு வாரமும் ஒரு குலுக்கல். பேர் விழுந்தா பீரோவோ மிக்ஸியோ பாத்திர செட்டோ கையில, மீதி வாரம் கட்ட வேண்டாம். விழாதவங்களுக்குக் கடைசியில ஒரு பொருள்.

கேக்க நல்லா இருக்கும். ஆனா கணக்கைப் பாருங்க. முதல் வாரமே விழுந்தவர் 100 ரூபாய்க்குப் பொருளைத் தூக்கிட்டுப் போயிடறார். மீதி 4,900 எங்கிருந்து வரும்? விழாத அத்தனை பேர்கிட்ட இருந்துதான் வரும். அவங்க 5,000 கட்டி 5,000 பெறாத பொருளை வாங்கிட்டுப் போவாங்க. நடத்துறவர் நடுவுல காணாமப் போனா அதுவும் இல்ல.

இந்த மாதிரி தவணை வாங்கி, குலுக்கல் போட்டுப் பரிசு குடுக்கிற திட்டத்துக்கு சட்டத்துல பரிசுச் சீட்டுன்னு பேர். 1978-ல வந்த மத்திய சட்டம் இதை நாடு முழுக்கத் தடை பண்ணுது. பதிவு பண்ணின சீட்டு கம்பெனி வேற விஷயம். அது 1982 சட்டத்துக்குக் கீழ பதிவாளர் கண்காணிப்புல நடக்கும், போட்ட காசு சுழற்சியில எல்லாருக்கும் வரும். உங்க கம்பெனி கேட்ல யாராவது அட்டை நீட்டினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, பதிவு நம்பர் என்ன?" கடை வச்சிருக்கிறவங்களுக்கும் சொல்றேன், வியாபாரத்தை இழுக்க இந்த மாடலைத் தொடாதீங்க.

ஏன் இவ்வளவு கடுமை?

இன்ஜினியரா எனக்குப் பிடிச்ச கதை 1992, பிலிப்பைன்ஸ். பெப்சி ஒரு போட்டி நடத்துச்சு. மூடிக்கு உள்ள ஒரு நம்பர் இருக்கும், டிவியில அறிவிக்கிற நம்பரோட பொருந்தினா பரிசு. மே 25-ம் தேதி அறிவிச்ச நம்பர் 349. பரிசு 10 லட்சம் பெசோ. அந்த நம்பர் ரெண்டே மூடியில இருந்திருக்கணும். கம்ப்யூட்டர் குளறுபடியில சுமார் 8 லட்சம் மூடியில அச்சாகிருச்சு. அடுத்த நாள் கம்பெனி வாசல்ல கூட்டம். ஆறுதலா ஆளுக்கு 500 பெசோ தர்றேன்னாங்க. ஜனங்க ஒத்துக்கல. கலவரம், குண்டு வீச்சு, உயிர்ப்பலி வரைக்கும் போச்சு. வழக்கு பல வருஷம் நடந்துச்சு.

அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் மோனோபொலி போட்டி. பரிசுச் சீட்டைப் பாதுகாக்க வேண்டிய அதிகாரியே வருஷக்கணக்கா அதைத் திருடித் தனக்கு வேண்டியவங்களுக்கு வித்திருக்கார். 2001-ல எஃப்பிஐ பிடிச்சது.

முதல் கதையில யாரும் திருடல, சாஃப்ட்வேர் தப்பு. ரெண்டாவதுல சாஃப்ட்வேர் சரி, ஆள் தப்பு. ரெண்டுலயும் பொருள் வாங்கின ஜனங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க வழியே இல்ல. நான் எழுதுற ஆப்புலயும் அதேதான். பட்டன் அமுக்கினா ஓனர் மச்சான் பேர் வர்ற மாதிரி ஒரு வரி கோடு சேர்த்தா வெளிய யாருக்குத் தெரியும்?

அதனால நான் எடுத்துக்கிட்ட விதி ஒண்ணுதான். வாடிக்கையாளர் பில் கவுண்டர்ல நின்னுக்கிட்டே சரிபார்க்க முடியிற பரிசை மட்டும் குடுங்க. "3,000-க்கு மேல வாங்கினா இது." வாங்கினார், கையில வாங்கிட்டார், போயிட்டார். எதையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்ல.

சரி, கணக்கு போடலாம்

"ஆனா ப்ரோ, ஸ்கூட்டர்னாதான் கூட்டம் வருது." நியாயமான பேச்சு. தீபாவளி சீசன்ல 5,000 பில், ஒரு பில் சராசரி 2,000-ன்னு வச்சுக்குவோம். மொத்தம் ஒரு கோடி. ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டர் குடுத்தா ஒரு பில்லுக்கு 20 ரூபாய் செலவு. அந்த 20 ரூபாயைத் தள்ளுபடியாக் குடுத்தா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஒரு ஸ்கூட்டரா வாசல்ல நிறுத்தினா ஊரே பார்க்கும். குலுக்கல் மயக்கம் இங்கதான் இருக்கு.

அதே ஒரு லட்சத்தை வேற மாதிரி செலவு பண்ணலாம். எல்லாருக்கும் 20 ரூபாய் வேண்டாம். 3,000-க்கு மேல பில் போடறவங்களுக்கு மட்டும் 60 ரூபாய் அடக்கத்துல ஒரு நிச்சயப் பொருள். நோக்கம், 2,400-ல நிக்கிறவரை இன்னும் ஒரு பேன்ட் எடுக்க வைக்கிறது. அவர் கூடுதலா 600 ரூபாய்க்கு எடுத்தா, 25 சதவீத லாபத்துல உங்களுக்கு 150 ரூபாய். பரிசு போக 90 மிச்சம்.

ஆனா சும்மாவே 3,000-க்கு வாங்கறவருக்கும் அந்த 60 போகும். அதனால கேள்வி இது: பரிசு வாங்கின 100 பேர்ல எத்தனை பேர் பரிசுக்காக 600 கூட்டி வாங்கினாங்க? பரிசுச் செலவு 6,000. ஒருத்தர் கூட்டி வாங்கினா 150 வருது. 40 பேர் அப்படி வாங்கினாத்தான் கைக்காசு போகாது. போன வருஷ பில் டேட்டாவை எடுத்து, 2,400-ல இருந்து 3,000 வரைக்கும் எத்தனை பில்னு பாருங்க. அங்க கூட்டம் இருந்தா 3,000-ல கோடு போடுங்க. கூட்டம் 1,500 பக்கம் இருந்தா கோட்டை அங்க இறக்குங்க. எனக்கு ஆப் எழுதக் காசு குடுக்கிறதுக்குப் பதிலா இந்த ஒரு எக்செல் ஷீட் போடுங்க, போதும்.

என்ன பொருள் குடுக்கலாம்? பொதுவா சொந்தச் சரக்கு அடக்க விலைக்கு வரும்கிறதால பனியனைத்தான் குடுப்பாங்க. வெளியூர்ல இருந்து வர்ற வாடிக்கையாளருக்கு அது சரி. ஆனா நாள் முழுக்கப் பனியன் தைக்கிறவங்களுக்குப் பனியனையே பரிசாக் குடுத்தா என்ன சந்தோஷம் சொல்லுங்க? பக்கத்துலயே அனுப்பர்பாளையம் இருக்கு. மொத்தமா எடுத்தா ஒரு எவர்சில்வர் டப்பா நல்ல விலைக்கு வரும், வீட்டுலயும் பல வருஷம் புழங்கும்.

ஒண்ணை மறக்காதீங்க. "ஸ்டாக் உள்ளவரை"ன்னு மொட்டையா போடாதீங்க. எத்தனை பீஸ், எந்தத் தேதி வரைன்னு போர்டுல எழுதுங்க. குடுக்கிற எண்ணம் இல்லாம பரிசு அறிவிக்கிறதும், விலையில ஏத்திட்டு இலவசம்னு சொல்றதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திட்டம் முடிஞ்ச பிறகு முடிவை மறைக்கிறதும் அதே கணக்குலதான் வரும்.

ஆடிட்டர்கிட்ட கேக்க வேண்டியது

வரி விஷயம் மூணு. வேகமாச் சொல்லிடறேன்.

முதல்ல ஜிஎஸ்டி. பரிசா, இலவசமாக் குடுத்த பொருளுக்கு நீங்க கட்டின வரியைத் திரும்ப எடுத்துக்க முடியாது. ஆனா ரெண்டு பொருளை ஒரே விலைக்குச் சேர்த்து விக்கிற மாதிரி பில் போட்டா கணக்கு வேற. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்ங்கிறதை ரெண்டு பொருளை ஒரு விலைக்கு வித்ததாத்தான் பார்க்கணும்னு 2019 மார்ச் சுற்றறிக்கை சொல்லுது. பில் எப்படிப் போடறதுன்னு திட்டத்தை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

ரெண்டாவது, போட்டியில ஜெயிக்கிற பரிசு. மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினா 30 சதவீதம் வரி பிடிக்கணும். பொருளாக் குடுத்தாலும் வரி கட்டினது உறுதியான பிறகுதான் ஒப்படைக்கணும். ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டர் ஜெயிச்சவர் சாவியை வாங்க 30,000 புரட்டணும். வாரக் கூலிக்காரருக்கு அது பரிசா, கடனா?

மூணாவது, பிராண்ட் வச்சிருக்கிறவங்களுக்கு. "இத்தனை பெட்டி எடுத்தா தங்கக் காசு, வெளிநாட்டு டூர்"னு டீலருக்குக் குடுக்கிறீங்க இல்லையா? இலக்கைத் தொட்ட எல்லாருக்கும் குடுத்தா அங்க குலுக்கல் இல்ல. ஆனா ஒரு டீலருக்கு வருஷத்துல 20,000-த்தைத் தாண்டினா 10 சதவீதம் வரி பிடிக்கிற விதி 2022 ஜூலையில இருந்து இருக்கு. சின்ன வியாபாரிகளுக்கு விலக்கும் இருக்கு. உங்களுக்குப் பொருந்துமான்னு கேட்டுக்குங்க.

இன்ஸ்டா கிவ்அவே

"நாங்க எதையும் வாங்கச் சொல்லல. ஃபாலோ பண்ணுங்க, மூணு பேரை டேக் பண்ணுங்க, ஒருத்தருக்கு ஹூடி." அமெரிக்காவுல இதுதான் வழி. அங்க பரிசு, அதிர்ஷ்டம், காசு மூணும் சேர்ந்தா லாட்டரி. அதனால வாங்கத் தேவையில்லைன்னு போட்டுக் காசைக் கழட்டி விட்டுடுவாங்க.

இங்க 1979 சட்டம் பொருள் வாங்கினவங்களைப் பத்தித்தான் பேசுது. அதனால அந்த ஒரு சட்டத்துல இருந்து நீங்க தள்ளி நிக்கலாம். ஆனா குலுக்கலை வச்சுப் பொருள் தர்றேன்னு விளம்பரம் போடறதே குற்றம்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல இருந்துச்சு. 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் அது தொடருது, 297-வது பிரிவு. அதனால அதிர்ஷ்டத்தையே கழட்டி விட்டுடுங்க. டிசைன் போட்டி வைங்க. எதுக்கு எத்தனை மார்க்குன்னு முன்கூட்டியே எழுதுங்க. நடுவர் யாருன்னு சொல்லுங்க. வாங்கணும்ங்கிற நிபந்தனை வேண்டாம். பரிசை 10,000-க்குள்ள வைங்க. ஜெயிச்ச டிசைனை, போட்டி அறிவிச்ச அதே பக்கத்துல போடுங்க. திருப்பூர்ல டிசைன் போட்டி நடத்தினா ஜெயிச்ச டி-ஷர்ட்டை அடுத்த வாரமே தைச்சு விக்கலாமே! எந்த ஊருக்கு இந்த வசதி இருக்கு?

போன் நம்பர் வாங்கினா எதுக்குன்னு சொல்லி வாங்குங்க. கூப்பன்ல எழுதின நம்பரை எடுத்து வருஷம் முழுக்க விளம்பரம் அனுப்பறதை 2023 தனிநபர் தரவுச் சட்டம் ஏத்துக்காது.

அந்த லக்கி ட்ரா ஆப் கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான். நான் எழுதித் தரல. பில் டேட்டாவை அனுப்புங்க, கோட்டை எங்க போடலாம்னு சேர்ந்து பார்க்கலாம். தீபாவளி போனஸ் வாங்கிட்டு உங்க கடைக்கு வர்றவங்க ஒரு வருஷ உழைப்பைக் கையில எடுத்துட்டு வர்றாங்க. சொன்ன பொருளைச் சொன்ன மாதிரி குடுத்து அனுப்புங்க, அடுத்த வருஷமும் வருவாங்க.

இந்த எபிசோடைக் கடை வச்சிருக்கிற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அவர் போர்டு பிரின்ட் பண்றதுக்கு முன்னாடி அனுப்பினா இன்னும் நல்லது. அடுத்த வாரம் பார்க்கலாம்.